சாம்பல் இல்லாத நெருப்பு

மேடையில் மந்திரவாதி, அடித்தளத்தில் வங்கிப் பெட்டகம், நடுவில் கேமரா. ‘நவ் யூ சீ மீ’ வகைப் படங்களில் உண்மையான திருடன் யார்?

சீட்டுக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ‘சர்ர்ர்’ என்று விசிறுகிறார் ஜெஸ்ஸி ஐசன்பெர்க். சிகாகோவில் ஓர் இரவு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். எதிரே நிற்கும் பெண்ணிடம், கண்ணில் படும் ஒரு சீட்டை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கேமரா அந்தப் பெண்ணின் இடத்தில் நிற்கிறது. அவள் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். அடுத்து, கட்டை வானத்தை நோக்கி வீசுகிறார். பின்னாலிருக்கும் உயர்ந்த கட்டடத்தின் ஜன்னல் விளக்குகள் எரிகின்றன. டைமண்ட் ஏழு.

2013-ல் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்து சீட்டுக்காரர் “டேய், நான் நெனச்சதும் அதேதாண்டா” என்று நண்பனின் தொடையில் அடித்தார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். வெளியே சொல்லவில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே ஏமாந்துபோனதைச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து, அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மற்ற சீட்டுகள் மின்னி மறைகின்றன. டைமண்ட் ஏழு மட்டும் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. மேஜிக்காரர்கள் இதை ‘ஃபோர்ஸ்’ என்பார்கள். தேர்ந்தெடுத்தது நாம்தான் என்று நம்மை நம்பவைத்து, அவர் ஏற்கெனவே முடிவு செய்த சீட்டை நம் கையில் திணிப்பது. அந்தப் படம் முழுவதிலும் பார்வையாளன்மீது நேரடியாக நடத்தப்பட்ட மேஜிக் அது ஒன்றுதான் என்பேன். மற்றவை எல்லாம் மேஜிக் பற்றிய கதை.

மந்திரவாதிக்கு வங்கி எதற்கு?

லூயி லெட்டரியே இயக்கிய ‘நவ் யூ சீ மீ’ ஏறக்குறைய 7.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகமெங்கும் 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2016-ல் ஜான் எம். சூ இயக்கத்தில் இரண்டாம் பாகம். 2025 நவம்பரில், ரூபன் ஃப்ளைஷர் இயக்கத்தில் மூன்றாவது. விமர்சகர்களில் பாதிப் பேர் முதல் பாகத்துக்கே உதட்டைப் பிதுக்கினார்கள். கூட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நான்கு மந்திரவாதிகள். ஒருவர் சீட்டு வித்தைக்காரர், ஒருவர் மனோவசியக்காரர், ஒருவர் விலங்கை உடைத்துத் தப்பிப்பவர், கடைசி ஆள் ஜேப்படிக்காரர். யாரோ ஒருவர் இவர்களைச் சேர்த்துவைக்கிறார். ஓராண்டு கழித்து லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில், இன்றிரவு ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறோம் என்று அறிவிக்கிறார்கள்.

மேஜிக்கையும் கொள்ளையையும் ஏன் முடிச்சுப் போட வேண்டும்? சினிமாவில் மேஜிக் மட்டும் தனியாக எடுபடாது என்பதுதான் காரணம். மேடையில் ஒருவர் புறாவை மறைத்தால் வாயைப் பிளக்கிறோம். அதையே திரையில் மறைத்தால் ‘கட் பண்ணிட்டான்’ என்கிறோம். கேமராவுக்கு முன்னால் நடக்கும் எந்த அதிசயத்தையும் நாம் நம்பத் தயாராக இல்லை. கேமராவைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் கிடையாது என்பது நமக்குப் பழகிவிட்டது. ஆகவே அதிசயத்துக்குச் சாட்சி வேண்டும். வங்கியில் பணம் காணாமல் போனால் போலீஸ் வரும், விசாரணை வரும், கடைசியில் ‘எப்படி நடந்தது’ என்ற விளக்கமும் வந்தே தீரும். அந்த விளக்கத்தைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம்.

கொள்ளைப் படமும் மேஜிக்கும் ஒரே துணியின் இரண்டு பக்கங்கள். கொள்ளைப் படத்தில் நாம் திருடனின் பக்கம் நிற்கிறோம். வரைபடம், ஒத்திகை, பூட்டு, நேரக் கணக்கு எல்லாம் நமக்குக் காட்டப்படுகிறது. மேஜிக்கில் அதெல்லாம் திரைக்குப் பின்னால் முடிந்துபோய்விடுகிறது. விளைவு மட்டும்தான் நமக்கு. மந்திரவாதி கொள்ளையடிக்கும் கதையில் விளைவை முதலில் வைத்து, ஒத்திகையைக் கடைசியில் வைத்துவிடலாம். திரைக்கதை எழுதுபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாரிஸிலிருந்து வேகாஸுக்கு

அந்த முதல் கொள்ளையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தாண்ட மாட்டீர்கள் என்று தெரியும்.)

அரங்கிலிருந்து ‘யாரோ ஒருவரை’த் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர். அவருக்குக் கணக்கிருக்கும் பாரிஸ் வங்கிதான் இன்றைய இலக்கு. தலையில் ஒரு கவசத்தை மாட்டி, மேடையில் நிற்கவைத்து, விளக்குகள் மின்ன ஆளை மறைத்துவிடுகிறார்கள். அடுத்த கணம் அவர் பாரிஸ் வங்கியின் பெட்டக அறைக்குள் நிற்கிறார். எதிரே யூரோ நோட்டுகள் கட்டுக் கட்டாய். காற்றுக்குழாய் அதை உறிஞ்சுகிறது. வேகாஸ் அரங்கின் கூரையிலிருந்து நோட்டு மழை பொழிகிறது. 30 லட்சம் யூரோவுக்கு மேல். பாரிஸில் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால், காலி.

விளக்கம் என்ன? அந்த ஆள் தற்செயலாகத் தேர்வானவர் அல்ல. முன்பே மனோவசியம் செய்யப்பட்டவர். அவர் பாரிஸுக்குப் போகவே இல்லை. மேடைக்குக் கீழே அதே பெட்டக அறையை அச்சு அசலாகக் கட்டிவைத்திருந்தார்கள். பணம் முன்பே, வங்கிக்கு வரும் வழியில் வண்டியிலேயே மாற்றப்பட்டுவிட்டது. பெட்டகத்தில் இருந்தது போலி நோட்டு. ‘ஃப்ளாஷ் பேப்பரில்’ அச்சடித்தது. ஒரு பொறி போதும், ‘பக்’கென்று எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும்.

ஃப்ளாஷ் பேப்பர் கற்பனைப் பொருள் இல்லை. மேஜிக் சாமான் விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. உள்ளங்கையிலிருந்து தீப்பந்தைப் பறக்கவிடுகிறார்களே, அந்தத் தாள்தான். சாதாரணத் தாளையோ பஞ்சையோ நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் முக்கி, கழுவி, உலர்த்தினால் நைட்ரோசெல்லுலோஸ். 1840-களில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டறிந்த பொருள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதி அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால், வெளிக்காற்றுக்குக் காத்திராமல் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடிகிறது. சாம்பல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது. ஒரு தாள் எரிவது வேறு, ஒரு பெட்டகம் நிறையத் தாள் அடைபட்ட அறையில் எரிவது வேறு. அறையின் கதவே பெயர்ந்து வந்துவிடும். ஆனால் படத்தில் அது கிளம்பும் வேகத்துக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமிருக்காது. அந்தப் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதனிடம் மறுபடி வருவோம்.

போலிப் பெட்டக அறை எங்கோ பார்த்தது போலிருக்கிறதா? 2001-ல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘ஓஷன்ஸ் லெவன்’. அதிலும் இதே அறைதான். பெலாஜியோ சூதாட்ட விடுதியின் பெட்டகத்தைப் போலவே ஒன்றைக் கட்டி, அங்கே ஒத்திகை பார்க்கிறோம் என்று நமக்குச் சொல்லிவிட்டு, கொள்ளை நடப்பதுபோல வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளி கண்காணிப்புத் திரையில் பார்த்தது அந்த வீடியோவைத்தான். பதறிப்போய் அவரே அதிரடிப்படையை அழைக்கிறார். படை என்ற பெயரில் வந்தவர்கள் யார் என்பதையும், பைகளில் பணத்தைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியே போனது யார் என்பதையும் பிறகுதான் கண்டுகொள்கிறோம். முதலாளிக்கு எப்போது உறைக்கிறது தெரியுமா? வீடியோவில் தெரியும் பெட்டகத் தரையில் விடுதியின் பெயர் இல்லை. நிஜத் தரையில் அதைப் பதித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. 16 கோடி டாலரை விழுங்கிய திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை, தரையில் எழுதாத ஒரு பெயர். ‘ஓஷன்ஸ் லெவனில்’ மந்திரவாதியே கிடையாது. இருந்தும் மேஜிக்கை ‘நவ் யூ சீ மீ’யைவிட அது நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பது என் கட்சி. ஒத்திகை என்று நம் கண்ணெதிரே வைத்ததையே கடைசியில் ஆயுதமாக்கினார்கள். எதையும் மறைக்கவில்லை, தப்பான பெயரில் காட்டினார்கள், அவ்வளவுதான்.

கீரியும் பாம்பும் வரவே வராது

சந்தைத் திடலில் மோடி மஸ்தானைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு பக்கம் கீரியைக் கட்டிவைத்திருப்பார், மறு பக்கம் மூடிய கூடை. ‘இதோ இப்ப ரெண்டையும் மோதவிடப் போறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசிவரை மோதல் நடக்காது. கூட்டம் கூடையையே பார்த்துக்கொண்டிருக்க, தாயத்து விற்றுமுடிந்திருக்கும். சிறுவயதில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். கூடைக்குள் உண்மையில் பாம்பு இருந்ததா என்ற சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை.

கவனத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். இதை ஆய்வுக்கூடம்வரை கொண்டுபோனவர் அப்பல்லோ ராபின்ஸ் என்ற அமெரிக்க மேடை ஜேப்படிக்காரர். 2001-ல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாவலர்களோடு பேசிக்கொண்டே, துப்பாக்கியைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் அவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டியவர். 2008-ல் நரம்பியல் அறிஞர்கள் ஸ்டீபன் மேக்னிக், சுசானா மார்ட்டினெஸ்-கோண்டே ஆகியோருடன் சில மந்திரவாதிகள் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இவர் பெயரும் இருக்கிறது. அவர் அனுபவத்தில் கண்ட ஒரு விஷயம்: கையை நேர்க்கோட்டில் நகர்த்தினால், பார்ப்பவரின் கண் போய்ச்சேரும் இடத்துக்குத் தாவிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு உடனே திரும்பிவிடும். வளைவாக நகர்த்தினால் கண் கையோடு ஒட்டிக்கொண்டு கூடவே போகும். அது போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் மற்றக் கை சட்டைப்பையைக் காலி செய்துவிடும். வில் ஸ்மித் நடித்த ‘ஃபோகஸ்’ (2015) படத்துக்கு இந்த ராபின்ஸ்தான் ஆலோசகர். அந்தப் படத்தில் கதை பாதியில் தள்ளாடினாலும், கூட்டத்துக்குள் பர்ஸும் வாட்சும் கைமாறும் காட்சிகள் சுளுக்கெடுக்கும்.

இதே கலையை நிஜக் கொள்ளையரிடமே காட்டியவர் மந்திரவாதி டேவிட் காப்பர்ஃபீல்டு. 2006-ல் ஃப்ளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில், நிகழ்ச்சி முடிந்து உதவியாளர்களோடு நடந்துகொண்டிருந்தவரை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் மடக்கினார்கள். உதவியாளர்கள் இருந்ததைக் கொடுத்துவிட்டார்கள். காப்பர்ஃபீல்டு பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்: காலி. பாஸ்போர்ட், பர்ஸ், போன் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. பத்து வருடம் கழித்து ‘நவ் யூ சீ மீ 2’ படத்தின் இணைத் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். இந்தச் சம்பவத்தையே ஒரு காட்சியாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

கேமரா செய்யும் துரோகம்

அந்த இரண்டாம் பாகத்தில் ஊரெல்லாம் பேசிய காட்சி ஒன்று உண்டு. ஒரு கணினிச் சில்லைச் சீட்டில் ஒட்டித் திருடிக்கொண்டு வருகிறார்கள். காவலர்கள் ஒவ்வொருவராகச் சோதனை போடுகிறார்கள். சீட்டு ஒருவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அடுத்தவர் கைக்கும், அங்கிருந்து சட்டைக் கைக்குள்ளும், காற்றில் சுழன்று இன்னொருவர் விரலிடுக்குக்கும் பறக்கிறது. பார்க்கப் பிரமாதம். ஆனால் சீட்டு ஒரு கட்டத்துக்குமேல் சீட்டாக இல்லை. கணினி வரைகலையில் பறக்கும் பட்டாம்பூச்சி. நடிகர்கள் பழகியதெல்லாம் அந்தப் பட்டாம்பூச்சியின் சிறகடிப்பில் காணாமல் போய்விடுகிறது.

ரிக்கி ஜே என்றொருவர் இருந்தார். 2018-ல் காலமானார். சீட்டை வீசித் தர்பூசணித் தோலில் குத்தி நிற்கவைப்பார். 1977-ல் சீட்டை ஆயுதமாக வீசுவது பற்றியே ஒரு புத்தகம் எழுதியவர். அவர் வீசும்போது வரைகலை தேவைப்படவில்லை. ஹாலிவுட்டில் மேஜிக், சூது, ஏமாற்று என்று எந்தப் படம் எடுத்தாலும் ஆலோசனைக்கு அவரைத்தான் தேடிப்போவார்கள். டேவிட் மேமட் 2001-ல் எடுத்த கொள்ளைப் படமான ‘ஹைஸ்ட்’டில் கொள்ளைக் கூட்டத்தில் ஒருவராகவும் நடித்திருக்கிறார்.

ஆனாலும் அந்த இரண்டாம் பாகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. லண்டனில் கொட்டும் மழையை ஐசன்பெர்க் கையசைத்து நிறுத்துகிறார். துளிகள் அந்தரத்தில் நிற்கின்றன. பிறகு மேல்நோக்கி ஏறுகின்றன. இதற்கான சூத்திரம் நிஜமானது. செயற்கை மழையின் துளிகள் சீரான இடைவெளியில் விழ, அதே கணக்கில் விளக்கை விட்டுவிட்டு எரியவைத்தால், ஒவ்வொரு மின்னலிலும் ஒரு துளி இருந்த அதே இடத்தில் அடுத்த துளி தெரியும். கண்ணுக்குத் துளி நிற்கும். விளக்கின் வேகத்தைத் துளியளவு கூட்டினால், ஒவ்வொரு முறையும் துளி முந்தைய இடத்துக்குச் சற்று மேலே அகப்படும். மழை வானத்துக்குத் திரும்பும். ஒரு முழு வீதியில் இதைச் செய்ய முடியுமா என்பது வேறு விஷயம். பழைய படங்களில் குதிரைவண்டி முன்னே ஓட, சக்கரம் பின்னே சுற்றுமே, அதுவும் இதே கதைதான். நொடிக்கு 24 படம் என்று துண்டுபோட்டுக் காட்டும் சினிமாவே இந்த வித்தையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

‘தி இல்லூஷனிஸ்ட்’ (2006) படத்தில் எட்வர்ட் நார்ட்டன் விதை ஊன்றி, நொடிகளில் ஆரஞ்சு மரத்தை வளர்ப்பார். பட்டத்து இளவரசனின் வருங்கால மனைவியையே கடத்திச் செல்லும் கொள்ளைக் கதை அது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி பாருங்கள். அந்த மரம் திரையில் கணினியால் வளர்ந்தது. ஆனால் 19-ம் நூற்றாண்டின் நடுவில், ராபர்ட்-ஹுடான் என்ற பிரெஞ்சு மந்திரவாதி பாரிஸ் மேடையில் உண்மையாகவே ஓர் ஆரஞ்சு மரத்தைப் பூக்கவும் காய்க்கவும் வைத்தார். ஹுடான் அடிப்படையில் கடிகாரத் தொழிலாளி. பார்வையாளரிடம் வாங்கிய கைக்குட்டையை மறையவைப்பார். மரம் பூக்கும். பழங்கள் வரும். நிஜப் பழங்களைப் பறித்துக் கூட்டத்தில் வீசுவார். உச்சியில் மிஞ்சும் ஒற்றைப் பழம் நான்காகப் பிளக்க, இரண்டு பட்டாம்பூச்சிகள் எழுந்து, உள்ளிருந்த கைக்குட்டையை விரித்துப் பிடிக்கும். எல்லாம் பல்சக்கரமும் கம்பியும். 170 வருடத்துக்கும் முன்பே ஒரு கடிகாரக்காரர் கையால் செய்து காட்டியதைத் திரையில் வரைகலையால் செய்தார்கள். பார்த்தவர்கள் அதனாலேயே நம்பவில்லை.

தொலைக்காட்சிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 1956 ஏப்ரலில் பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் நம் மந்திரவாதி பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்தார். அறுத்த பிறகு எழுப்பினார், அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். தொகுப்பாளர் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். நேரம் தீர்ந்துவிட்டது. நேரலையில் கொலை நடந்துவிட்டதாக நினைத்த மக்களால் பி.பி.சி.யின் தொலைபேசிகள் திணறின. சர்க்கார் போட்ட கணக்கோ கடிகாரம் போட்ட கணக்கோ, சரியான இடத்தில் விழுந்த ஒரு ‘கட்’ மேடையைவிடப் பெரிய மாயத்தைச் செய்தது. அதன்பிறகு லண்டனில் அவர் நிகழ்ச்சிக்கு விளம்பரம் எதற்கு?

உண்மையில் அவர்கள் திருடியது

மந்திரவாதிகள் வங்கியைக் கொள்ளையடித்ததாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை. ஒருவருடைய ரகசியத்தை இன்னொருவர் திருடிய கதைகள் வண்டி வண்டியாக உண்டு.

லண்டன் எகிப்தியன் ஹாலில் ஜான் நெவில் மாஸ்கெலின் ஒரு மனிதரை அந்தரத்தில் மிதக்கவிட்டார். சுற்றிலும் வளையத்தைச் செலுத்திக் கம்பி இல்லை என்று நிரூபித்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற மந்திரவாதி ஹாரி கெல்லர் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்து வந்து பார்த்தார். பைனாகுலரோடு மேடைவரை ஏறிவிட்டார் என்றுகூட ஒரு கதை உலவுகிறது. பிடிபடவில்லை. கடைசியில் மாஸ்கெலினிடம் வேலை பார்த்த பால் வாலடன் என்ற மந்திரவாதியை நல்ல வாய்ப்புக் கொடுத்து அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். 1904 வாக்கில் கெல்லரின் மேடையிலும் ஒரு பெண் மிதக்க ஆரம்பித்தாள். பெட்டகத்தை உடைக்க முடியாவிட்டால் காவலாளியையே வேலைக்கு எடுத்துக்கொள்வது. எந்தக் கொள்ளைப் படத்தின் திரைக்கதையும் இதுதானே?

கிறிஸ்டோபர் நோலனின் ‘தி பிரஸ்டீஜ்’ (2006) இதைப் புரிந்துகொண்ட படம். கிறிஸ்டோபர் பிரீஸ்டின் 1995 நாவலிலிருந்து வந்தது. பணம், வைரம், வங்கி எதுவும் கிடையாது. ஒரு கதவுக்குள் நுழைபவன் அதே கணம் எதிர்க்கதவு வழியே எப்படி வெளியே வருகிறான்? இந்த ஒன்றைத் திருட ஒருவன் ஒற்றனை அனுப்புகிறான், நாட்குறிப்பைத் திருடுகிறான், கடல் கடந்துபோய் நிகோலா டெஸ்லாவின் கதவைத் தட்டுகிறான். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறு காட்சி வரும். கூண்டோடு ஒரு பறவையை நசுக்கி மறையவைக்கிறான் மந்திரவாதி. முன்வரிசையில் சிறுவன் அழுகிறான். பறவையை உயிரோடு எடுத்துக் காட்டுகிறார்கள். அவன் சமாதானமாகவில்லை. இதன் சகோதரன் எங்கே என்று கேட்கிறான். முழுப்படத்தின் விடையும் அந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது. எவ்வளவு தைரியம் இருந்தால் இயக்குநர் விடையை இவ்வளவு சீக்கிரம் ஒரு குழந்தையின் வாயில் வைப்பார்!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்க அந்தப் படத்தின் முடிச்சைக் கண்டு அதிர்ந்தபோது, நம்மூரில் பலர் இடைவேளைக்கு முன்பே ‘டபுள் ஆக்ஷன்பா’ என்று முடித்துவிட்டார்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பார்த்து வளர்ந்த கூட்டத்திடம் இரட்டையரை ஒளித்துவைக்க முடியுமா?

அந்தப் படத்தில் மீன்தொட்டி வித்தை செய்யும் முதிய சீன மந்திரவாதியின் பெயர் சுங் லிங் சூ. நிஜத்தில் அந்தப் பெயரில் உலவியவர் சீனரே அல்ல. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற அசல் சீன மந்திரவாதியின் பெயரையும் பாணியையும் தழுவிக்கொண்டு, ஐரோப்பாவில் சீனராகவே வாழ்ந்தார். மேடையில் வாய் திறக்க மாட்டார். பத்திரிகையாளர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசுவார். 1918 மார்ச் 23 அன்று லண்டன் உட் கிரீன் எம்பயர் அரங்கில், துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிக்கும் வித்தை. குண்டு இருக்கும் குழல் வெடிக்காது. அதன் கீழே உள்ள இன்னொரு குழலில் வெறும் மருந்துதான் வெடிக்கும். துப்பாக்கியின் அமைப்பு அப்படி. வருடக்கணக்கில் தேய்ந்து, இரண்டுக்கும் நடுவே மருந்துத்தூள் கசிந்து சேர்ந்திருந்தது. அன்று மேல்குழலும் வெடித்தது. குண்டு நெஞ்சில் பாய்ந்ததும் மேடையில் முதல்முறையாக, திரையை இறக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பேசினார். மறுநாள் இறந்தார். திருடிய அடையாளம் அவிழ்ந்த ஒரே தருணம் அது.

இந்தத் திருட்டுக்கு நீதிமன்றமும் உண்டு. ‘பென் அண்ட் டெல்லர்’ ஜோடியில் பேசாதவரான டெல்லரின் புகழ்பெற்ற வித்தை ‘ஷேடோஸ்’. மேஜையில் ஒரு ரோஜா, பின்னால் திரையில் அதன் நிழல். டெல்லர் கத்தியால் நிழலின் இதழை வெட்டுவார். இந்தப் பக்கம் நிஜ ரோஜாவின் இதழ் உதிரும். 2012-ல் ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் அதேபோல ஒன்றைச் செய்து யூடியூபில் போட்டு, ரகசியத்தையும் விற்க முன்வந்தார். டெல்லர் வழக்குப் போட்டார். வித்தையின் ரகசியத்துக்குக் காப்புரிமை கோர முடியாது. ஆனால் டெல்லர் அதை 1983-லேயே ஒரு சிறு மௌன நாடகமாகப் பதிவு செய்துவைத்திருந்தார். 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நம் பக்கத்து வித்தைகள்

2013 மே மாத இறுதியில் ‘நவ் யூ சீ மீ’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘தூம் 3’. ஆமிர்கான் சிகாகோவில் சர்க்கஸ் மந்திரவாதி, இரவில் வங்கிக் கொள்ளையர். தமிழிலும் பேசவைத்து வெளியிட்டார்கள். ரகசியத்தை ‘பிரஸ்டீஜிடம்’ கடன் வாங்கினார்கள் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. 2017 தீபாவளிக்கு அட்லியின் ‘மெர்சல்’. விஜய் மந்திரவாதி வெற்றியாகப் பாரிஸ் மேடையில், அரங்கம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு மருத்துவரைக் கொல்கிறார். பார்வையாளர்கள் அதையும் வித்தை என்றே நினைக்கிறார்கள். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் கதை மருத்துவமனைப் பக்கம் போய்விட்டது. மேஜிக் வெறும் மேல்சட்டையாக நின்றுவிட்டது.

மந்திரவாதியே இல்லாமல் மேஜிக் விதிப்படி நடந்த கொள்ளை ஒன்று நம் நாட்டில் உண்டு. 1987 மார்ச், மும்பை. உளவு, பாதுகாப்பு அதிகாரி வேலைக்குத் துடிப்பான பட்டதாரிகள் தேவை என்று நாளிதழில் விளம்பரம். மோன் சிங் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தாஜ் ஹோட்டலில் நேர்முகத் தேர்வு நடத்தினார். தேர்வானவர்களை மார்ச் 19 அன்று பேருந்தில் ஏற்றி, முதல் பயிற்சி என்று சொல்லி ஆபரா ஹவுஸ் பகுதியின் பெரிய நகைக்கடைக்கு அழைத்துப்போய், சோதனை நடத்தினார். கடைக்காரர்கள் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று நம்பினார்கள். வந்தவர்கள் தாங்கள் அதிகாரிகள்தான் என்று நம்பினார்கள். ‘சாட்சிக்காக’ நகைகளையும் ரொக்கத்தையும் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, மற்றவர்களைக் கடையிலேயே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனவர், திரும்பவே இல்லை. இன்றுவரை அகப்படவும் இல்லை. இதை வைத்துத்தான் இந்தியில் ‘ஸ்பெஷல் 26’, தமிழில் ‘தானா சேர்ந்த கூட்டம்’. மேடையில் ஏறும் ‘தற்செயலான’ ஆள் மந்திரவாதியின் கையாளாக இருப்பது வழக்கம். இங்கே கையாட்களுக்கே தாங்கள் கையாட்கள் என்று தெரியாது. ‘நவ் யூ சீ மீ’யின் அத்தனை வேகாஸ் விளக்குகளையும்விட அந்தப் பேருந்து எனக்குப் பெரிய வித்தையாகப் படுகிறது.

தியேட்டரை வாங்கிய மந்திரவாதி

ராபர்ட்-ஹுடான் நடத்திய பாரிஸ் அரங்கை, அவர் காலத்துக்குப் பின் 1888-ல் விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் மெலியே. செருப்புத் தொழிற்சாலை முதலாளியின் மகன். 1895 டிசம்பர் 28 அன்று லூமியே சகோதரர்கள் பாரிஸில் முதல்முறை கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது மெலியே அங்கிருந்தார். அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். லண்டனுக்குப் போய் ராபர்ட் பாலிடம் வேறொரு கருவியை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துத் தனக்கென்று கேமரா செய்துகொண்டார்.

1896-ல் அவர் எடுத்த ஒரு நிமிடப் படம், பெண்ணை மறையவைக்கும் வித்தை. மேடையில் புவாத்தியே டி கோல்டா என்பவர் பத்து வருடம் முன்பே செய்து பேர் வாங்கியது. தரையில் செய்தித்தாளை விரிப்பார், அதன்மேல் நாற்காலி, நாற்காலியில் பெண், பெண்ணின்மேல் துணி. கீழே பொறிக்கதவு இல்லை என்று காட்டத்தான் செய்தித்தாள். பொறிக்கதவு இருந்தது, செய்தித்தாளும் வித்தையின் கூட்டாளி. மெலியேவுக்குப் பொறிக்கதவு தேவைப்படவில்லை. கேமராவை நிறுத்தினார், பெண்ணை எழுந்துபோகச் சொன்னார், மறுபடி ஓடவிட்டார். ஆனாலும் பழக்கதோஷத்தில் செய்தித்தாளை விரித்திருக்கிறார். இன்றும் படத்தில் பார்க்கலாம். மேடையில் யாரும் செய்ய முடியாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: பெண் இருந்த இடத்தில் ஓர் எலும்புக்கூடு. அந்த நிமிடத்தில் மேஜிக்கின் பெட்டகத்தைச் சினிமா திறந்துவிட்டது. உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டவரே ஒரு மந்திரவாதி.

500-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெரிய நிறுவனங்கள் வந்தன, போர் வந்தது, கடன் வந்தது. அவருடைய படச்சுருள்கள் பலவற்றை உருக்கி ராணுவத்துக்குச் செருப்புக் குதிகால் செய்தார்கள். செருப்புக்கடைப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1923-ல் சாலையை நீட்டிப்பதற்காக ஹுடானின் அரங்கை இடித்தார்கள். அதே ஆண்டு, மோந்த்ரேயிலில் இருந்த ஸ்டூடியோவும் கைவிட்டுப் போக, வைக்க இடமில்லாத தன் நெகட்டிவ்களைத் தானே தீயிட்டார் மெலியே.

அன்றைய படச்சுருள் எதனால் ஆனது தெரியுமா? நைட்ரோசெல்லுலோஸ். பாரிஸ் வங்கியின் போலி நோட்டுகளை ஒரு பொறியில் இல்லாமலாக்கிய ஃப்ளாஷ் பேப்பரும் அதுவும் அடிப்படையில் ஒரே பொருள்தான்.

பிறகு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்கும் சிறு கடையில் உட்கார்ந்திருந்தார். கூடவே கடையைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி ழான் தால்சி. 1896-ல் நாற்காலியில் உட்கார்ந்து, துணிக்குக் கீழே மறைந்துபோன பெண் அவர்தான்.